விடுங்க மாமா

எங்க துறைமுகத்துல இப்போ வயர்லெஸ்ல ‘விடு’ங்கற வார்த்தையே வரக் கூடாது. ‘திற’ன்னு சொல்லலாம், ‘மூடு’ன்னு சொல்லலாம், ‘இறக்கு’, ‘நிறுத்து’, ‘விலகு’ எல்லாம் சொல்லலாம். ‘விடு’ மட்டும் கூடாது. கப்பல் வந்து கட்டற ஜெட்டி வாசல்ல ஆளுயரத்துக்குப் பலகை அடிச்சு வெச்சிருக்காங்க. புதுசா வேலைக்கு வந்த பசங்களுக்கு அது ஒரே தமாஷ். “அப்போ மூச்சு விடலாமா சார்? லீவாவது விடுவீங்களா?”ன்னு ஒருத்தன் கேக்க, இன்னொருத்தன் அவன் முதுகுல தட்டித் தட்டிச் சிரிக்கிறான். நான் அந்தப் பக்கம் போனா மட்டும் யாராவது அவனுங்க காதைக் கடிப்பாங்க. உடனே கப்சிப்.

சிரிக்கட்டும். வயசு அப்படி. நான் ஒண்ணும் சொல்றதில்ல. நான் ஒண்ணும் சொல்லாம போறதே துறைமுகத்துல பெரிய அதிசயம், ஏன்னா எனக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும்.

கண்டெய்னர் யார்டுல கிரேன் ஓட்டறேன். உச்சியில கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு, கீழ நிக்கறவன் தப்பா ஒரு சைகை காட்டினாப் போதும், மைக்கை எடுத்து வாங்கு வாங்குன்னு வாங்கிடுவேன். “மேல இடி இடிக்குது, குடையை எடுத்துக்கடா”ன்னு என் முதுகுக்குப் பின்னால பேசிக்குவாங்க. பேசிட்டுப் போகட்டும். என் கிரேனுக்குக் கீழ இன்னிவரைக்கும் ஒருத்தன் விரல்கூட நசுங்கினதில்ல.

என் வீட்டுக்காரர் ஜெட்டியில தண்ணி பீரங்கிக்காரர். கப்பல் வந்து நிக்கற எடத்துல சின்னதா ஒரு கோபுரம் இருக்கும். அது மேல ஒரு கூண்டு, கூண்டுக்கு முன்னால பீரங்கி மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு பெரிய குழாய். எங்கயாவது தீப்பிடிச்சா அதைத் திருப்பி அடிக்கணும். தலை நரைக்கிற வரைக்கும் எண்ணெய் ஜெட்டியில இவருக்கு அதே வேலைதான். புகையைக் கண்டா அந்த மனுஷனுக்குக் கை தானா வால்வுக்குப் போகும். யோசிக்கவெல்லாம் மாட்டார். யோசிக்காததுக்குத்தான் மேடையேத்திப் பாராட்டு வேற குடுத்தாங்க.

அதே ஜெட்டியில என் தம்பி ஹோஸ் மாட்டறவன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல யானைத் துதிக்கை தடிமனுக்கு ஒரு ஹோஸ் போகும், அதைப் பூட்டறதும் கழட்டறதும் அவன் பொறுப்பு. ஆளு நெட்டை, சதைங்கறதே கிடையாது. ஜெட்டி பூரா அவனை ‘ஒட்டடை’ன்னுதான் கூப்பிடும். ஒட்டடைக் குச்சின்னு முழுசாச் சொல்லக்கூட சோம்பேறித்தனம்.

அப்பா சீக்கிரமே போயிட்டார். எனக்குக் கல்யாணம் பேசும்போது, “அம்மாவும் தம்பியும் தனியா எங்க போவாங்க, நம்மகூடவே இருக்கட்டும்”னு சொன்னவர் இவர்தான். யாரும் கேக்கல, அவராச் சொன்னார். இவருக்குப் பெத்தவ முகமே ஞாபகம் இல்ல, சின்ன வயசுலேயே போயிட்டா. அதனால வீட்டுக்கு வந்த மொத நாளே எங்க அம்மாவை ‘அம்மா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டார். அம்மாவும் இவரைப் பெரியவன், என் தம்பியைச் சின்னவன்னு ஆக்கிட்டா. எனக்குத்தான் அந்த வீட்டுல ஒரு பட்டமும் இல்ல. “பெரியவன் பொண்டாட்டி”ன்னு என்னையே என்கிட்ட சொல்லிச் சிரிப்பா.

தம்பி வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு கூத்து நடந்துச்சு. பீரங்கியைச் சோதிச்சுப் பாக்கறாங்க, அவன் கீழ நின்னுக்கிட்டு வயர்லெஸ்ல, “மாமா, தண்ணி விடுங்க”ன்னுட்டான். அவ்வளவுதான். ஜெட்டியில இருந்த அத்தனை பேருக்கும் என் வீட்டுக்காரர் மாமா ஆயிட்டார். டீ குடுக்கற ஆளு “மாமா, சக்கரை போடவா?”ங்கறான். கப்பல்ல இருந்து இறங்குன வெளிநாட்டுக்காரன்கூட “மாமா”ங்கறான். இவருக்கு வந்த கோவத்துக்கு அன்னிக்கு வீட்டுல யாரும் பேசல. அப்புறம் ரெண்டு பேருமா ஒக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. வேலை நேரத்துல ‘பீரங்கி’, ‘ஒட்டடை’. மாமா, மச்சான் எல்லாம் வாசல்படி தாண்டி வீட்டுக்குள்ள. அதுக்கப்புறம் என் தம்பி வயர்லெஸ்ல வாய் தவறிக்கூட மாமான்னு சொன்னதில்ல. “பீரங்கி, தண்ணி விடு. பீரங்கி, நிறுத்து.” மரியாதைகூடக் கிடையாது, அக்கா புருஷன்கிறதே மறந்துபோன மாதிரி பேசுவான்.

இந்த மாதிரி இருக்கறப்போதான் புது ஜெட்டி வந்துச்சு. இனிமே கப்பலெல்லாம் கரும்புகை கக்காம ஓடப்போகுது, அதுக்கு டீசலுக்குப் பதிலா அமோனியா ஊத்தணும்னாங்க. பயங்கரமா குளிரவெச்சுத் தண்ணியா ஆக்கின அமோனியா. ரெண்டு பேரையும் அங்க மாத்திட்டு, தம்பியைப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. போயிட்டு வந்தவன் வாத்தியாரா ஆயிட்டான். சாப்பாட்டுத் தட்டு, தண்ணி டம்ளர் எல்லாத்தையும் வெச்சு வீட்டுலயே பாடம்.

“மாமா, நல்லாக் கேட்டுக்கங்க. இது தீ இல்ல. இது கசிஞ்சு தரையில குட்டையா நின்னுச்சுன்னா, அது மேல நேராத் தண்ணி அடிக்கவே கூடாது. சூடான எண்ணெயில தண்ணி தெளிச்சா சீறும்ல? அப்படிச் சீறி ஒரே மேகமா எழும்பிடும். மூச்சுக்குள்ள போச்சுன்னா ஆளு அவுட்டு. வேணும்னா தள்ளி பனி மாதிரி ஒரு தண்ணித் திரை போடலாம். இல்லேன்னா சும்மா விட்டுடணும். அதுவா ஆவியாப் போயிடும்.”

“தண்ணியே ஆகாதுன்னா என்னை எதுக்குடா மேல ஒக்கார வெச்சிருக்காங்க? அழகு பாக்கவா?”ன்னார் இவர்.

இவருக்கும் வகுப்பு நடத்தினாங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஃபேன் போட்ட அறையில, சுவத்துல படம் காட்டினாங்க. பாதிப்பேர் தூங்கிட்டாங்கன்னு இவரே வந்து சொன்னார். எண்ணெயிலயே ஊறின கைக்கு அரை நாள் படம் என்ன செய்யும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க.

அன்னிக்கு நான் யார்டுல கிரேன் மேல இருந்தேன். புது ஜெட்டி எனக்கு ரொம்பத் தூரம், ஆனா உசரத்துல இருந்து பாத்தா தெரியும். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டற துணிப்பை கம்பத்துல நல்லா விரிஞ்சு பறக்குது. கப்பல் பக்கம் வெள்ளையா ஏதோ கொஞ்சமா தரையில ஊர்ந்துச்சு. ஸ்டீமோன்னு நெனச்சேன். அடுத்த நிமிஷம் பீரங்கி தண்ணி பீச்சறது தெரிஞ்சுது. அந்தத் தண்ணி போய் விழுந்த எடத்துல இருந்து ஒரு வெள்ளைச் சுவரு எழும்பிச்சு பாருங்க, அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. கோபுரம் மறைஞ்சுது. ஹோஸ் மறைஞ்சுது. அப்புறம்தான் சைரன்.

கிரேனை அப்படியே நிறுத்திட்டு ஏணியில இறங்கினேன். இறங்கினேனா விழுந்தேனான்னு தெரியல. ஜெட்டிகிட்டயே விடல. அந்த வாடை மட்டும் வந்துச்சு, மூக்கையும் கண்ணையும் சேத்துப் பிடுங்கற வாடை. ஆம்புலன்ஸ் ரெண்டு போச்சு. ஒண்ணுல இவர். கூண்டுக்குள்ள இருந்ததாலயும் முகமூடி மாட்டியிருந்ததாலயும் கண்ணோட போச்சு, அதுவும் ஆறிடும்னாங்க. இன்னொண்ணுல என் தம்பி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள என் தம்பி செத்துட்டான்.

அதை வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. செத்துட்டான். நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பையன். துணி மூடின கட்டில்ல காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்த நெட்டைக்கு எந்தக் கட்டில்தான் பத்தும். நான் அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நர்ஸ் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டா. நான் போகல.

வீட்டுக்கு வந்தப்புறம் இவர் கண்ணுல கட்டோட கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தார். “வெள்ளையாப் புகை தெரிஞ்சுது. தண்ணி விடவான்னு கேட்டேன். விடச் சொன்னான், விட்டேன். அவன்தானம்மா படிச்சவன், அவன் சொன்னா சரியா இருக்கும்னு விட்டேன்.”

அம்மா அவர் தலையைத் தன் மடியில சாச்சு, கட்டை அவுத்து, கண்ணுக்கு மருந்து விடுவா. “நீ என்ன பண்ணுவே பெரியவனே. சின்னவன் பதட்டத்துல ஏதோ சொல்லிட்டான். விதி அவன் நாக்குல வந்து ஒக்காந்துக்கிச்சு. நீ அழாதே, கண்ணுக்கு ஆகாது.” ஒரு பிள்ளையைப் பறி குடுத்தவ இன்னொரு பிள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. இவரும் அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டார். ‘அவன் சொன்னான், இவர் செஞ்சார்’ங்கற அந்த ஒத்தைக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எங்க வீடு நின்னுக்கிட்டு இருந்துச்சு.

விசாரணைக் குழு போட்டாங்க. அதுல பாதுகாப்பு அதிகாரி ஒரு பொம்பளை. கண்ணாடியைத் தலையில செருகிட்டு மேசை பூரா கண்ணாடியைத் தேடற ரகம். நல்ல மனுஷி. ஒருநாள் என்னை அவங்க அறைக்குக் கூப்பிட்டாங்க.

“வயர்லெஸ் பேச்செல்லாம் கண்ட்ரோல் ரூம்ல பதிவாகுதும்மா. உங்க தம்பி கடைசியாப் பேசினது இருக்கு. அதுக்கு ரெண்டு அர்த்தம் வருது. எங்களுக்குள்ள அடிதடியே நடக்காத குறை. அவர் குரல் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எங்களுக்குத் தெரியாது. கேக்க முடியுமா? முடியலைன்னா வேண்டாம்.”

போடுங்கன்னேன்.

மொதல்ல இவர் குரல், பாதியில இருந்து. “…ணி விடவா?” அதோட சேந்தே கர்ர்னு ஒரு இரைச்சல். வயர்லெஸ்ல ரெண்டு பேரு ஒரே சமயத்துல பொத்தானை அமுக்கினா அப்படித்தான் ஆகும், ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் போகாது. அந்த இரைச்சல் நின்னதும் என் தம்பி குரல்.

“விடுங்க மாமா… விடுங்க!”

அப்புறம் தண்ணிச் சத்தம்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். தேவையே இல்ல, மொத தடவையே புரிஞ்சு போச்சு. மாமாங்கறான். வயர்லெஸ்ல, வேலை நேரத்துல, மாமாங்கறான். தண்ணி கேட்டிருந்தா ‘பீரங்கி, தண்ணி விடு’ன்னு அடிச்சுச் சொல்லியிருப்பான். இது அந்தக் குரல் இல்ல. இது வீட்டுக் குரல். நானும் இவரும் சண்டை போடறப்போ நடுவுல வந்து இவர் தோளைப் பிடிச்சு, “விடுங்க மாமா, அவ கெடக்கறா”ம்பானே, அந்தக் குரல். கெஞ்சறான். அதைத் தொடாதீங்க, விட்டுட்டு எறங்கி வாங்கன்னு கெஞ்சறான். இவர் தண்ணி விடவான்னு கேட்டதே அவன் காதுல விழுந்திருக்காது.

அதிகாரி மெதுவாச் சொன்னாங்க. “கசிவு வந்ததுமே அவர் நிறுத்தற பொத்தானை அமுக்கிட்டார். அமோனியா பம்பு நின்னாச்சு. ஹோஸ்ல மிச்சம் இருந்தது மட்டும்தான் தரையில. அவர் நின்னது காத்து வர்ற பக்கம், அவருக்கு ஆபத்து இல்ல. காத்து கோபுரத்துப் பக்கம் அடிச்சுது.”

“அப்போ அவன் இவருக்காகத்தான் பயந்தான்.”

“அதை நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு… குரல் தெளிவா இருக்கு பாத்தீங்களா? முகமூடிக்குள்ள இருந்து பேசினா குடத்துக்குள்ள பேசற மாதிரி கேக்கும். பேசறதுக்காகக் கழட்டியிருக்கார். தண்ணி பட்டு மேகம் நாலாபக்கமும் சீறினப்போ திரும்ப மாட்ட நேரம் இல்ல.”

அவங்களே தொடர்ந்தாங்க. தண்ணி விடச் சொன்னார்னு முடிவானா, பயிற்சி எடுத்த ஆளே தப்பான உத்தரவு குடுத்தார்னு எழுதி ஃபைலைக் கட்டிடுவாங்களாம். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி. அப்படி இல்லேன்னு ஆனா, இந்த வார்த்தையால போன உயிருன்னு அவங்க அடிச்சுப் பேசலாம். வயர்லெஸ்ல பேசற வார்த்தையை மாத்தலாம். முகமூடிக்குள்ளயே மைக் கேக்கலாம். எண்ணெய் ஜெட்டி ஆளுங்களை அரை நாள் படம் காட்டி இங்க அனுப்பறதை நிறுத்தலாம். “அடுத்த கப்பல் வந்துக்கிட்டே இருக்கும்மா. அங்க இன்னொரு பையன் ஹோஸ் மாட்டப்போறான்”னாங்க.

நாலு பேருக்கு நடுவுல பட்டுன்னு போட்டு உடைக்கிற நான், அன்னிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “இரைச்சலா இருக்கு மேடம். யோசிச்சுச் சொல்றேன்.”

வெளிய வந்தா தொழிற்சங்கத்துக்காரர் டீக்கடையில காத்துக்கிட்டு இருக்கார். விஷயம் எப்படித்தான் காத்துல வருமோ. டீ வாங்கிக் கையில குடுத்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. செத்தவனை யாரும் சஸ்பெண்டு பண்ண முடியாது. இருக்கறவரைப் பாரு. தண்ணி விடச் சொன்னான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை.”

“பயிற்சியில மொத ஆளா வந்தவன் என் தம்பி. அவனுக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு தெரியாதா? அவன் பேர்ல மண்ணை வாரிப் போடச் சொல்றீங்களா?”

“அவன்தான் போயிட்டானே. பேரை வெச்சு என்ன பண்ணப்போறான்?”

டீயை அப்படியே பெஞ்சு மேல வெச்சுட்டு எந்திரிச்சேன். “உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா”ன்னு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்னுதான் அவரும் சொன்னார். எனக்கும் அதுதானே ஆசை. ஒரு பக்கம் போன தம்பி, ஒரு பக்கம் இருக்கற புருஷன். இந்தக் கண்ணுல குத்தட்டுமா அந்தக் கண்ணுல குத்தட்டுமான்னா நான் எதைக் காட்டுவேன்?

விசாரணைக்கு மொத நாள் சாயங்காலம் இவர் என்னைக் கேட்டார். கண்கட்டு எடுத்தாச்சு, கண்ணு மட்டும் செவந்து கெடந்துச்சு.

“கேட்டியாமே? அவன் குரல் தெளிவா இருக்கா?”

“இருக்கு.”

“விடச் சொன்னான்ல?”

நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். தம்பி சட்டை ஒண்ணு அதுல கலந்து கெடந்துச்சு. அதை மடிக்கிறதா வேண்டாமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். “என்னைச் சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்றாங்க”ன்னேன்.

“சொல்லேன். உள்ளதைச் சொல்லிட்டுப் போ. உன் வாய் நீளமே தவிர கோணல் இல்லடி. நான் என் காதால கேட்டேன். உள்ளதைச் சொன்னா எனக்கென்ன பயம்?”

அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னார். அடுப்படியில இருந்து அம்மா, “ஆமா, உள்ளதைச் சொல்லு, பெரியவன் மேல ஒரு சொல்லு வரக் கூடாது”ன்னா. கடவுளே, பூமி பொளந்து என்னை உள்ள இழுத்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு. நான் அந்தச் சட்டையை மடிச்சு மத்த துணியோட வெச்சேன்.

விசாரணை நடந்தது துறைமுக ஆபீஸ் மாடியில. நீளமா ஒரு மேசை. தலைவருக்கு ஜலதோஷம், மிட்டாய் ஒண்ணை வாயில ஒதுக்கிக்கிட்டே பேசினார். என் வீட்டுக்காரர் எனக்கு எதிர் நாற்காலியில, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு நிமிர்ந்து ஒக்காந்திருந்தார். என்னைப் பாத்து லேசாத் தலையாட்டினார், தைரியமாச் சொல்லுங்கற மாதிரி.

நான் சொன்னேன்.

“என் தம்பி வேலை நேரத்துல இவரை மாமான்னு கூப்பிட மாட்டான் சார். பீரங்கின்னுதான் கூப்பிடுவான், வா போன்னுதான் பேசுவான். அது அவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். ஜெட்டியில யாரை வேணும்னாலும் கேளுங்க. மாமாங்கறான், வாங்க போங்கங்கறான்னா அது உத்தரவு இல்ல. வீட்டு மனுஷன்கிட்ட கெஞ்சறான். தண்ணி விடுங்கன்னு சொல்லல. அதை விட்டுட்டுப் போயிடுங்கன்னு சொல்றான்.”

தலைவர் மிட்டாயை அந்தக் கன்னத்துல இருந்து இந்தக் கன்னத்துக்கு மாத்தினார். “இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?”ன்னு இவரைக் கேட்டார்.

இவர் எழுந்து நின்னார். என்னைப் பாக்கல. “மாமான்னா சொன்னான்?”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“பீரங்கி பம்புச் சத்தத்துல… விடுங்கன்னு ஒண்ணுதாங்க காதுல விழுந்துச்சு. மாமான்னா சொன்னான்?”

அதிகாரி ஓட்டிக் காட்டினாங்க. இவர் அதுவரைக்கும் அந்தப் பதிவைக் கேட்டதே இல்ல. “விடுங்க மாமா… விடுங்க!” நான் இவர் முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு மேசையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தேன். அவர் வாய் லேசாத் திறந்திருந்துச்சு, சின்னப் பிள்ளைங்க அடி வாங்கின உடனே அழறதுக்கு முன்னால இருக்குமே, அப்படி.

“போதுங்க”ன்னார். “அவ சொல்றது சரி. இது வீட்டுல பேசறது.” ஒக்காரப் போனவர் மறுபடியும் நின்னார். “குரல் தெளிவா இருக்கே. முகமூடியைக் கழட்டிட்டா பேசினான்?”

“ஆமா”ன்னாங்க அதிகாரி.

இவர் ஒக்காந்துட்டார். அதுக்கப்புறம் அவங்க கேட்டதுக்கெல்லாம் ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொன்னார்.

தண்டனைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. நல்லபடியாத்தான் பேசினாங்க. பழகின கை, ரெண்டு அர்த்தம் வர்ற வார்த்தை, பத்தாத பயிற்சி, அவர் மேல மட்டும் குத்தம் இல்லன்னு எழுதினாங்க. இவரைக் கோபுரத்துல இருந்து எடுத்து மெயின் கேட்டுல வண்டி நம்பர் பாக்கற வேலைக்குப் போட்டாங்க. பலகை வந்துச்சு, மைக் வெச்ச முகமூடி வந்துச்சு. புது ஜெட்டியில இப்போ பையன்களுக்கு வெறும் படம் காட்டறதில்ல, நிஜக் குழாயை வெச்சுப் பழக்கறாங்க. என் தம்பி செத்ததால நாலு பிள்ளைங்க பொழைப்பாங்க. பொழைக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா எனக்கு என் தம்பி வேணும். இதைச் சொன்னா ‘நல்ல காரியம் நடந்திருக்கேம்மா’ன்னு ஆறுதல் சொல்ல வர்றாங்க பாருங்க, அவங்க வாயிலயே போடணும்போல வருது.

அன்னிக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்தோம். இவர் ஜன்னல் பக்கம். “அவன் என்னைப் போகச் சொல்லியிருக்கான்”னார். “நான் அவன் மேல தண்ணியைத் திருப்பியிருக்கேன்.”

“நான் சொல்லியிருக்கக் கூடாதா?”ன்னு கேட்டேன்.

“சொல்லாம இருந்தா அவன் பேரு கெட்டிருக்கும்.” அவ்வளவுதான் சொன்னார். எங்க நிறுத்தம் வந்தப்போ என் கையைப் பிடிச்சு, “அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ குறுக்க பேசாதே”ன்னார்.

அம்மா வாசல்லயே நின்னா. “என்னாச்சு பெரியவனே? என்ன சொன்னாங்க?”

இவர் செருப்பைக்கூடக் கழட்டல. நின்ன நெலையில சொன்னார். “அம்மா, சின்னவன் தண்ணி விடச் சொல்லலம்மா. என்னை ஓடிப் போயிடச் சொல்லியிருக்கான். எனக்காக முகமூடியைக் கழட்டிட்டுச் சொல்லியிருக்கான். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத் தொறந்துட்டேன். நான் தொறக்காம இருந்திருந்தா அவன் நடந்தே வெளிய வந்திருப்பான்.”

அம்மா அவரையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் என்னைப் பாத்தா. நான் தலையாட்டினேன். நெஞ்சுல அடிச்சுக்குவான்னு நெனச்சேன். ‘அடப்பாவி’ன்னு மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். தூத்தியிருந்தா தேவலை, இவர் கால்ல விழுந்திருப்பார், ரெண்டும் சேந்து அழுதிருக்கும். அம்மா எதுவும் செய்யல. “சரி”ன்னா. உள்ள போனா. அடுப்பைப் பத்த வெச்சா.

மறுநாளும் அழல. அதுக்கடுத்த நாளும் இல்ல. இவர் மேல ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. கண்ணு மருந்து தீந்து போச்சுன்னு எனக்கு ஞாபகப்படுத்தினதுகூட அவதான். மருந்து விடற வேலையை மட்டும் என்கிட்ட குடுத்துட்டா.

இவர் மெயின் கேட்டு வேலைக்குப் போயிட்டு வந்த மொத நாள், வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நான் பின்பக்கம் துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். அம்மா அங்க வந்து, குரலை ஏத்தாம, இறக்காம, விருந்தாளி வந்திருந்தா சொல்ற மாதிரி சொன்னா.

“மாப்பிள்ளை வந்துட்டார். சாப்பாடு எடுத்து வை.”

கதவுக்கு அந்தப் பக்கம் இவர் நின்னுக்கிட்டு இருந்தார். காதுல விழுந்திருக்கும். கையைக் கழுவிட்டு வந்து ஒக்காந்தார். நான் பரிமாறினேன். அம்மா அடுப்படி நிலைப்படியில நின்னுக்கிட்டு, “இன்னும் கொஞ்சம் வெச்சுக்கச் சொல்லு”ன்னு என்கிட்ட சொன்னா.

இவர் தட்டை விட்டுத் தலையைத் தூக்கல.

“போதுங்க அத்தை”ன்னார்.